உப்புக்காற்றில் கோஆக்ஸ் கேபிள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தேவனாம்பட்டினம், கடலூர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். நான் ஹாம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவன். அங்கே 2 மீட்டர் பேண்டுக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு வெர்ட்டிகல் ஆண்டெனா, கீழே அறையில் 25 வாட் ரிக் (வயர்லெஸ் பெட்டி), இரண்டையும் இணைக்க 25 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல்). ஹாம் லைசென்ஸ் கைக்கு வந்த புதிதில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. முதல் வருஷம் புதுச்சேரி நண்பர்களோடு ரிப்பீட்டர் (நடுவில் வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) இல்லாமலேயே தெளிவாகப் பேச முடிந்தது. இருபது சொச்சம் கிலோமீட்டர்தானே. இரண்டு ஐப்பசி மழை போனது. "உங்க குரல் இரைச்சலுக்குள்ள முங்கிப் போகுது" என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

உடனே எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்தேன். அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது அது; 1க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. புதிதில் 1.3 காட்டியது, இப்போது 1.1. முன்பைவிட நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆண்டெனா, கேபிள் இரண்டையும் விட்டுவிட்டு ரிக்கைச் சந்தேகப்பட்டேன். சர்வீசுக்கு அனுப்பினேன். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது.

கடைசியில் ஒரு மூத்த ஹாம்தான் வழி சொன்னார். "கேபிளோட மேல் முனையில டம்மி லோடு மாட்டுங்க, அங்க எத்தனை வாட் வருதுன்னு அளங்க." டம்மி லோடு என்றால் ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, வரும் சக்தியை வாங்கிக்கொள்ளும் ஒரு ரெசிஸ்டர். அளந்தேன். கீழே 25 வாட் போகிறது, மேலே 3 வாட்தான் வருகிறது. புது ஆர்ஜி-58 ஆக இருந்தாலும் 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 20 டெசிபெல் அளவில் இழக்கும் (3 டெசிபெல் இழந்தாலே சக்தி பாதியாகிவிடும்). அந்தக் கணக்குப்படி 25 மீட்டருக்கு 5 டெசிபெல், அதாவது மேலே 8 வாட் வந்திருக்க வேண்டும். மீதி எங்கே போனது என்று கேபிளை வெட்டிப் பார்த்தேன். மேல் கனெக்டரிலிருந்து ஏழெட்டு மீட்டர் வரை செம்புப் பின்னல் கறுத்துப் போயிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி அந்தப் பின்னல் மழைத்தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது.

மீட்டர் ஏன் நல்லதாகக் காட்டியது என்பதைப் புதியவர்களுக்காக எழுதுகிறேன். ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையும் அதே கேபிள் வழியாகத்தான் இறங்க வேண்டும். கெட்டுப்போன கேபிள் போகும்போதும் தின்னும், வரும்போதும் தின்னும். மீட்டருக்குத் திரும்பி வருவது சொற்பம் என்பதால் முள் கீழேயே நிற்கிறது. 5 டெசிபெல் இழக்கும் கேபிளில் ஆண்டெனாவையே கழற்றிவிட்டாலும் மீட்டர் கிட்டத்தட்ட 1.9தான் காட்டும். எந்த மாற்றமும் செய்யாமல் எஸ்டபிள்யூஆர் தானாகக் குறைந்தால், நம் ஊரில் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது ஆர்ஜி-213 என்ற தடித்த கேபிள் போட்டிருக்கிறேன். அதே 25 மீட்டர். மேலே 15 வாட் வருகிறது. கடலோரத்தில் இருக்கிறவர்கள் என்ன கேபிள் போட்டீர்கள், எத்தனை மழை தாங்கியது?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

சார், உங்கள் பேண்டுக்கு ஆர்ஜி-213 சரி. 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பேசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தடித்த கேபிளுக்குப் பணம் கொட்ட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் முதலில் அதைத்தான் செய்தேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பியில் இன்வர்ட்டட் வீ (தலைகீழ் V வடிவ ஆண்டெனா), நடுவில் சவுக்குக் கழி, அதன் உச்சியிலிருந்து ஆர்ஜி-213 தொங்கியது. அந்தக் கேபிள் மீட்டருக்கு 150 கிராம் இருக்கும், ஆர்ஜி-58ஐப் போல நாலு மடங்கு. காற்று வீசும்போதெல்லாம் கேபிள் ஊஞ்சலாடி நடு இணைப்பை இழுத்தது. ஒரே வருஷத்தில் மூன்று முறை ஈயப்பற்று விட்டுப்போனது. பிறகு நல்ல ஆர்ஜி-58க்கு மாறினேன். 7 மெகாஹெர்ட்ஸில் அது 30 மீட்டருக்கு ஒன்றேகால் டெசிபெல்தான் இழக்கும். 100 வாட் அனுப்பினால் 75 வாட் மேலே போய்ச் சேரும். எதிர்முனையில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கத்தில் கரை கடந்தது, நினைவிருக்கும். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கழி சாய்ந்தது, மின்சாரமும் இல்லை. காற்று அடங்கியதும் கார் பேட்டரியை வைத்து, கம்பியை மாடிக் கைப்பிடியிலிருந்து முருங்கை மரத்துக்குக் கட்டிப் பேசினேன். மெல்லிய கேபிள் என்பதால் தனி ஆளாகச் சுருட்டி எடுத்துப் போக முடிந்தது. அதிர்வெண், நீளம், தொங்கும் எடை, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள்.

கடலூர் முதுநகர்

நான் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ் மாட்டிக் கொடுக்கிறவன். ஹாம் லைசென்ஸ் இல்லை. ஆனால் உப்பு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

படகில் கேபிள் நீளம் எட்டு மீட்டர்தான். அவசர அழைப்புக்கான சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில்கூட எட்டு மீட்டருக்கு ஆர்ஜி-58 போதும். கேபிளைவிட கனெக்டரால் வரும் கோளாறுதான் அதிகம். கேபிள் முனையில் நாம் போடும் பிஎல்-259 தண்ணீர் புகாத கனெக்டர் இல்லை. அதன்மேல் சாதா இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றினால் வெயிலில் பசை இளகி, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடும். சுற்றாமல் விட்டதைவிட அது மோசம்.

நான் செய்வது இதுதான். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒன்று கிடைக்கும். முதலில் அது, அதன்மேல் வெயில் தாங்கும் டேப். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓடு வேய்ந்த மாதிரி மேல் சுற்று கீழ் சுற்றின்மேல் படிந்தால்தான் தண்ணீர் வழிந்து ஓடும். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். கேபிள் வாங்கும்போது பின்னலில் வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் செம்பைவிட அது உப்பைத் தாங்குகிறது.

ஒரு தடவை நடுக்கடலில் இஞ்சின் நின்று, சேனல் 16ல் கூப்பிட்டும் கரைக்குக் கேட்காமல் போன படகை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வந்த இன்னொரு படகுதான் கட்டி இழுத்து வந்தது. திறந்து பார்த்தால் கனெக்டருக்குள் பச்சையாகப் பூத்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மீன்பிடித் தடைக்காலத்திலும் எல்லாக் கனெக்டர்களையும் பிரித்துப் பார்க்காமல் விடுவதில்லை.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

அண்ணா, நான் கல்லூரி மாணவி. பேசுவதில்லை, யுஎஸ்பி எஸ்டிஆர் (கணினியில் செருகும் ரிசீவர்) வைத்துக் கேட்பது மட்டும்தான். வீட்டில் டிடிஎச் மாட்டியபோது மிஞ்சிய 12 மீட்டர் ஆர்ஜி-6 கேபிளைப் போட்டிருக்கிறேன். போன மாதம் சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்குமேல் போனபோது 145.800ல் விண்வெளி வீரர் பேசியது அப்படியே கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் 75 ஓம் கேபிள் போட்டது தப்பு என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மாற்ற வேண்டுமா? இன்னொன்று, இதன் பின்னலில் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

அரியாங்குப்பம்

மாற்ற வேண்டாம்மா. ரிசீவரின் 50 ஓமும் உன் கேபிளின் 75 ஓமும் சேரும் இடத்தில் சக்தியில் 4 சதவீதம்தான் திரும்பும். கேட்பதற்கு அது பொருட்டே இல்லை. 2 மீட்டர் பேண்டில் ஆர்ஜி-6, ஆர்ஜி-58ஐ விடக் குறைவாகத்தான் இழக்கும். ஈயம் ஒட்டாததற்குக் காரணம், பின்னல் அலுமினியம். டிவி கேபிளுக்குப் போடும், அழுத்திப் பொருத்தும் எஃப் கனெக்டர் போட்டு, ஒரு அடாப்டர் வைத்துக்கொள்.

என் அனுபவம் வேறு மாதிரி. ஒரு கடையில் ஆர்ஜி-58 என்று அச்சடித்த கேபிளை மலிவாக வாங்கினேன். உறையைச் சீவிப் பார்த்தால் பின்னலில் பாதி இடம் காலி, உள்ளே இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தது. நடுக்கம்பியில் காந்தம் ஒட்டியது, செம்பு பூசிய இரும்பு. அதிலிருந்து கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தமும் பிளேடும் எடுத்துப் போகிறேன். ஒரு அங்குலம் சீவிக் காட்டச் சொன்னால் நல்ல கடைக்காரர் மறுப்பதில்லை.

எல்எம்ஆர்-400 மாதிரி நுரை இன்சுலேஷன் உள்ள கேபிளைக் கைப்பிடிச் சுவர் விளிம்பில் மடக்கி இறக்காதீர்கள். சித்திரை வெயிலில் நுரை இளகி நடுக்கம்பி ஒருபக்கமாக நகர்ந்துவிடும். எனக்கு அந்த இடத்திலேயே ஷார்ட் ஆனது.

திருப்பாதிரிப்புலியூர்

எங்கள் தெருவில் அணில் தொல்லை. மாடிக் கேபிளை இரண்டு முறை கடித்துவிட்டது. இப்போது பிவிசி பைப்புக்குள் விட்டிருக்கிறேன், ஒரு வருஷமாகப் பிரச்சினை இல்லை.

தேவனாம்பட்டினம், கடலூர்

எல்லோருக்கும் நன்றி. முதுநகர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் மாடிக்குப் போய் என் கனெக்டரைப் பார்த்தேன். மேலிருந்து கீழாகத்தான் சுற்றியிருந்தேன். பிரித்துவிட்டுக் கீழிருந்து மறுபடி சுற்றிவிட்டேன். கேபிள் உறையில் இன்றைய தேதியையும் "மேல் முனை 15 வாட்" என்பதையும் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். தை பிறந்ததும் திரும்ப அளந்து இங்கேயே போடுகிறேன். லாஸ்பேட்டைத் தங்கச்சி, எங்களிடம் எஃப் அடாப்டர் இரண்டு சும்மா கிடக்கிறது. அடுத்த ஞாயிறு புதுச்சேரி வரும்போது கொண்டு வருகிறேன்.

73 (ஹாம்கள் விடைபெறும் வாழ்த்து).