ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லாக வருகிறது, ஒலிமாற்ற விதியில் எங்கே தப்பு?

கேள்வி

ஒரு கதைக்காக இரண்டு மொழிகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்று மலைமேல் இருப்பவர்களின் பழைய மொழி. இன்னொன்று, அவர்களிடமிருந்து பிரிந்து ஆற்றங்கரைக்கு வந்தவர்களுடையது. பழைய மொழியில் முந்நூறு சொற்கள் சேர்ந்துவிட்டன. எக்செல்லில் போட்டு, கீழே உள்ள விதிகளை இதே வரிசையில் ஓட்டிப் புது மொழியை எடுக்கிறேன்.

1. இரண்டு உயிருக்கு நடுவே வரும் வல்லினம் அதிர்ந்து ஒலிக்கும். 'மரபு' என்பதில் 'பு' ஒலிக்கிறதே, அப்படி.
2. சொல்லின் கடைசி உயிர் உதிரும்.
3. அடுத்த அசையில் இகரம் இருந்தால், அதற்கு முந்தைய அகரம் எகரமாகும்.

பழைய மொழியில் 'மல' என்றால் ஓடம், 'மலி' என்றால் ஓடங்கள். விதிகளை ஓட்டினால் இரண்டுமே 'மல்' என்று வந்து நிற்கின்றன. மூன்றாவது விதி ஏழெட்டுச் சொற்களில்தான் வேலை செய்கிறது. பேசாமல் நம் 'கள்' மாதிரி ஒரு விகுதியை ஒட்டிவிடலாமா?

இன்னொரு சிக்கல். 'தபல்' என்ற பழைய சொல்லைத் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். 'சபை'யில் வரும் ப போலவே படித்தாள். அது புது மொழியின் உச்சரிப்பு! "ரெண்டும் ஒரே மொழிதானே?" என்கிறாள்.

பதில் 1

விகுதி வேண்டாம். விதிகள் சரி, வரிசைதான் தப்பு. இகரத்தை முதலிலேயே உதிர்த்துவிட்டால் மூன்றாம் விதிக்குப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றுங்கள்.

மலி → மெலி → மெல்
மல → மல்

ஒருமை மல், பன்மை மெல்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதைகளுக்காக உருவாக்கிய மொழிகளில் இதே வேலை நடந்திருக்கிறது. அவற்றில் ஒன்றான குவென்யாவில் மனிதர்களுக்கு 'அத்தனி' (த்த வை அழுத்தாமல் ஒற்றையாகச் சொல்லுங்கள், தமிழில் வேறு எப்படி எழுதுவது!). அதன் உறவு மொழியான சிந்தரினில் ஒருமை 'அதன்', பன்மை 'எதைன்'. முதல் அகரம் எகரமாகிவிட்டது, இரண்டாவது அகரம் ஐகாரமாகிவிட்டது. இரண்டையும் செய்த கடைசி இகரத்தை மட்டும் காணோம். ஆங்கிலத்தின் ஃபூட், ஃபீட் கதையும் ஏறக்குறைய இதுதான்.

பதில் 2

தம்பி, அவ்வளவு தூரம் போக வேண்டாம். 'வைத்தான்' என்று எழுதுகிறோம், 'வச்சான்' என்று பேசுகிறோம். அடித்தான் அடிச்சான், படித்தான் படிச்சான் என்று இகரத்துக்குப் பின்னால் த்த ச்ச ஆகிறது. ஐகாரத்துக்குப் பின்னாலும் அப்படியே. பத்து, முத்து, கத்தினான் எல்லாம் மாறாமல் நிற்கின்றன. இப்போது 'வச்சான்' என்பதை மட்டும் பாருங்கள். ச்ச வுக்கு முன்னால் வெறும் அகரம். ஐகாரம் தன் வேலையை முடித்த பிறகுதான் குறுகியிருக்கிறது. முதலிலேயே குறுகியிருந்தால் 'வத்தான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம். ஐந்து அஞ்சு ஆனதும், மைத்துனன் மச்சினன் ஆனதும் இப்படித்தான்.

அப்புறம், 'வைத்தியர்' வச்சியர் ஆகவில்லை, கவனித்தீர்களா? அது வடமொழியிலிருந்து வந்த சொல். உங்கள் ஆற்றங்கரைக்காரர்களும் பக்கத்து ஊரிலிருந்து பத்துப் பதினைந்து சொற்களைத் தாமதமாகக் கடன் வாங்கட்டும். அவை விதிக்கு அடங்காமல் நிற்கும். எல்லாச் சொல்லும் ஒழுங்காக மாறினால் எக்செல் வாசனைதான் அடிக்கும்.

பதில் 3

தங்கை படித்தது சரி. உங்கள் முதல் விதி தமிழ் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. உயிர்களுக்கு நடுவே ஒற்றை ப வந்தால் நமக்குத் தானாகவே அதிரும். தமிழ் எழுத்திலும் அந்த வித்தியாசத்தைக் காட்ட வழியில்லை. கதையைப் படிப்பவர்களும் தங்கையைப் போலத்தான் படிக்கப்போகிறார்கள்.

அதனால் அவள் படித்ததையே பழைய மொழியின் உச்சரிப்பாக வைத்துக்கொண்டு, புது மொழியில் இன்னும் ஒரு படி தள்ளுங்கள். உயிர்களுக்கு நடுவே ஒற்றை ப வ ஆகட்டும். தபல், தவல். நாமே கோபத்தைக் கோவம் என்றும், கோபாலனைக் கோவாலு என்றும் சொல்கிறோமே.

இரட்டை ப்ப வைத் தொடாதீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கிறேன், தினமும் காதில் விழுவது: நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஆனால் உப்பு அங்கேயும் உப்புதான். பழங்கன்னடத்தில் ப ஆக இருந்தது ஹ ஆனபோதும் இரட்டை ப்ப அசையவில்லை.

கேள்வி கேட்டவர்

வரிசையை மாற்றினேன். மூன்றாம் விதி இப்போது நாற்பது சொற்களுக்கு மேல் பிடிக்கிறது. தவல் என்று மாற்றியதும் தங்கை, "இது வேற மொழி" என்று ஒப்புக்கொண்டாள்.

ஒன்று மட்டும் மிச்சம். 'தெல' என்றால் ஆடு, 'தெலி' ஆடுகள். மாறுவதற்கு அகரமே இல்லாததால் இரண்டும் 'தெல்' என்று வருகின்றன. தனி விதி போட வேண்டுமா?

பதில் 2

வேண்டாம், விட்டுவிடுங்கள். சந்தையில் யாராவது "பத்து ஆடுகள் வாங்கினேன்" என்றா சொல்கிறார்கள்? பத்து ஆடுதான்.

கேள்வி கேட்டவர்

சரி. பத்து தெல்.