ரிடெம்ப்ஷன் (பைபிளை அடிப்படையாகக் கொண்ட அட்டை விளையாட்டு): உங்களை நிறுத்திய தற்காப்பு எது?

வெள்ளிப்படை

எதிராளியின் ஆத்துமா அட்டைகளில் 5-ஐ முதலில் மீட்பவரே வெல்வார். இருவரும் தலா 4 ஆத்துமாக்களை மீட்டிருந்தோம். ஐந்தாவதற்காக என் வெள்ளிப் படையின் (வெள்ளி நிற அட்டைப் பிரிவின்) மிகப் பெரிய தேவதூதனை அனுப்பினேன். எதிராளியின் களத்தில் கோலியாத் நின்றான். அவனைக் கொண்டே தடுப்பார் என்று எண்ணி, அவனைச் சிறைபிடிக்கும் அட்டையைக் கையில் வைத்திருந்தேன். அவர் கோலியாத்தைத் தொடவே இல்லை. பலத்தைக் குறிக்கும் எண்கள் மிகக் குறைந்த ஒரு தீய பாத்திரத்தை எடுத்து, அமைதியாக என் தூதனுக்கு எதிரே வைத்தார். தோற்கும் நிலையில் இருப்பவருக்கே இனிஷியேட்டிவ் என்பதால் முதல் அட்டையை இறக்கும் உரிமை அவருக்குப் போயிற்று. ஒரே என்ஹான்ஸ்மென்ட்டில் (போரில் பாத்திரத்துக்குத் துணையாக இறக்கும் அட்டையில்) என் தூதன் நீக்கப்பட்டார். நான் காத்துவைத்த அட்டை கையைவிட்டு இறங்கவே இல்லை. கோலியாத் வந்திருந்தால் முதலில் ஆடியிருப்பவன் நான். தற்காப்புக்குப் பெரிய பாத்திரங்களையே தேடிச் சேர்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காவற்கோபுரம்

மேலே எழுதியவரின் முடிவை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. சிறிய பாத்திரம் உரிமையை மட்டுமே தருகிறது. அந்த நேரத்தில் கையில் தகுந்த என்ஹான்ஸ்மென்ட் இல்லையென்றால் அது வீணாக மடியும். என்னை நிறுத்தியது வேறொன்று. என் வீரர்கள் (மீட்கச் செல்லும் நல்ல பாத்திரங்கள்) அனைவரும் ஆயத்தமாக இருந்தும், எதிராளியின் அடிமைத்தன தேசத்தில் (அவர் எடுக்கும் ஆத்துமாக்கள் வைக்கப்படும் பகுதியில்) மீட்பதற்கு ஓர் ஆத்துமாகூட வந்து சேரவில்லை. அவர் டெக்கில் (அட்டைக் கட்டில்) 56 அட்டைகள். 50 முதல் 56 வரை எத்தனை வைத்தாலும் ஆத்துமாக்கள் 7 தான். 50 அட்டைகளில் அது 14 விழுக்காடு, 56 அட்டைகளில் 12.5 விழுக்காடு. 57 என்றால் 8 ஆகிவிடும். ஆகவே தற்காப்பு டெக் கட்டுகிறவர்கள் 56-இல் நிற்பதே சரி. ஒவ்வொரு முறையும் 3 அட்டைகள் எடுத்தே தீர வேண்டியிருக்க, மேலும் எடுக்க வைக்கும் அட்டைகளையும் சேர்ப்பவர், தம் ஆத்துமாக்களைத் தாமே எதிராளியின் முன் பரப்புகிறார். தளங்களையும் (ஆத்துமாவை உள்ளே வைக்கும் இட அட்டைகளையும்) சேர்த்துக்கொள்ளுங்கள்: தளத்துக்குள் இருக்கும் ஆத்துமாவை, அங்கே நுழையும் வழியில்லாத வீரர் மீட்க முடியாது.

எருசலேம்வாசி

என் தற்காப்பு அசையாமல் நின்றது. நான்காவது ஆத்துமாவுக்காக எதிராளி அனுப்பிய வீரர்கள் எவரும் கடக்கவில்லை. அப்போது அவர் சன் ஆஃப் காட் அட்டையை வைத்தார், அதன்மேல் நியூ ஜெருசலேமை வைத்தார். போரே இல்லாமல் 2 ஆத்துமாக்கள் போயின, ஆட்டமும் முடிந்தது. வெற்றிக்கு 5 என்றாலும், போரில் அவருக்குத் தேவைப்பட்டவை 3 மட்டுமே. தற்காப்பைத் திட்டமிடுகிறவர்கள் மூன்றாவது மீட்பைத்தான் கடைசி எல்லையாகக் கொள்ள வேண்டும். மீட்கப்பட்ட ஆத்துமாவைத் திருப்பி அனுப்பும் ஃபாலிங் அவேயை அதற்குள் பயன்படுத்திவிடாமல் வைத்திருங்கள். வீரரை நீக்கும் கிறிஸ்டியன் மார்ட்டரையும் முதல் மீட்பிலேயே செலவழிக்காதீர்கள். ஆத்துமாக்களின் எண்ணிக்கையைவிட அதிகமான டாமினன்ட்களை (இந்த நான்கையும் போல எப்போது வேண்டுமானாலும் இறக்கக்கூடிய அட்டைகளை) வைக்க முடியாது என்பதால், 7 இடங்களில் இவ்விரண்டுக்கும் இடம் ஒதுக்குவது தவறாது.

வெள்ளிப்படை

காவற்கோபுரம் அவர்களுக்கு: 56 அட்டைகள் வைத்தால் ஆத்துமாக்கள் தாமதமாகும் என்பது உண்மை. நீங்கள் குறிப்பிட்ட அந்தத் தகுந்த என்ஹான்ஸ்மென்ட்டும் அதே அளவுக்குத் தாமதமாகவே கைக்கு வரும்.