துணிப்பைக்கு ஒரு கேப்ஷன்

சுதா சித்தி: நாளைக்கு இன்ஸ்டால போட இதை எழுதியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க.
"வணக்கம் நண்பர்களே! உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் நன்றி. எங்களது தரமான, அழகான, சுற்றுச்சூழலுக்கு உகந்த புதிய துணிப்பைகள் தயார். லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, ஃபாலோ பண்ணுங்க, வாங்க லிங்க் கீழே."

குமரன்: சித்தி, 2,200 எழுத்து வரைக்கும் எழுதலாம்தான். ஆனா ஃபீட்ல, அதாவது வரிசையா போஸ்ட் வர்ற பக்கத்துல, கிட்டத்தட்ட முதல் 125 தான் கண்ணுல படும், மீதியைத் தட்டித்தான் பாக்கணும். வணக்கமும் நன்றியுமே பாதியைத் தின்னுடுச்சு. துணிப்பைன்னு சொல்ல வர்ற இடத்துல கத்தரி விழுது 😅

சுதா சித்தி: அது வரைக்கும் அவ்வளவு எழுத்து இல்லையேடா? எண்ணிப் பாத்தேன்.

மீனா: நாம எண்ணுறது வேற, மெஷின் எண்ணுறது வேற சித்தி. புள்ளி, கால், கொம்பு எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். 'பூக்கள்' நமக்கு 4 எழுத்து, அதுக்கு 7. எக்ஸ்ல, அதான் பழைய ட்விட்டர்ல, 280 எழுத்து சீக்கிரம் தீர்றதும் இதனாலதான். அங்க லிங்க் மட்டும் எவ்வளவு நீளமானாலும் 23 தான்.

குமரன்: தரமான, அழகான ரெண்டையும் தூக்கிடுங்க. உங்க பேருக்குப் பதிலா வேற கடை பேரைப் போட்டாலும் பொருந்துற வார்த்தை எதுக்கு? நிறம் போட்டோலயே தெரியுது. தெரியாததை எழுதுங்க: அளவு, எவ்வளவு கனம் தாங்கும், எப்படித் துவைக்கணும். 'சுற்றுச்சூழலுக்கு உகந்த'ன்னா எப்படின்னு ஒருத்தர் கேட்டா பதில் வேணும். முழுப் பருத்தி, உள்ள பிளாஸ்டிக் லைனிங் இல்லைன்னா அதையே சொல்லிடுங்க.

மீனா: நடையும் இடிக்குது. 'எங்களது'ன்னு மேடைல ஆரம்பிச்சு 'பண்ணுங்க'ன்னு திண்ணைல முடியுது. ரெண்டுல எது வேணா சரி, ஆனா எல்லா போஸ்ட்லயும் அதே குரல் இருக்கணும். அப்பதான் படிக்கிறவங்களுக்கு ஆள் பழகும்.

ரவி பெரியப்பா: லிங்க் வேலை செய்யுமா? போன தடவை தட்டித் தட்டிப் பாத்தேன் சுதா.

குமரன்: இன்ஸ்டா கேப்ஷன்ல லிங்க் வெறும் எழுத்துதான் பெரியப்பா, திறக்காது. பயோல, அதாவது உங்க பக்கத்து மேல இருக்கிற அறிமுகத்துல வெச்சுட்டு 'லிங்க் பயோல'ன்னு எழுதணும். ஃபேஸ்புக் போஸ்ட்ல திறக்கும். ஒரே கேப்ஷனை ரெண்டுலயும் ஒட்டினா ஒண்ணுல பொய்யாயிடும்.
அதோட லைக், ஷேர், ஃபாலோ, வாங்குன்னு நாலு வேலை சொன்னா ஒண்ணும் நடக்காது. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஆர்டர்தான் வேணும்னா ஆர்டர். பேச்சு வேணும்னா 'கருத்து சொல்லுங்க' வேணாம், 'நீளக் கைப்பிடியா, குட்டையா?' மாதிரி ஒரு சொல்லுல பதில் சொல்ற கேள்வி.

சுதா சித்தி: ஹேஷ்டேக் இருபது எடுத்து வெச்சிருக்கேனே?

மீனா: மூணு நாலு போதும், பைக்கு சம்பந்தப்பட்டதா. நடுவுல இடைவெளி விட்டீங்கன்னா அங்கயே அறுந்துடும். #துணிப் பை ன்னு போட்டா டேக் வெறும் #துணிப் தான். சேத்து எழுதுங்க, இல்லன்னா நடுவுல அடிக்கோடு (_) போடுங்க. ஹைஃபன் (-) ஆகாது.
அப்புறம் பிராண்ட் பேரை அந்த வளைஞ்சு நெளிஞ்ச இங்கிலீஷ் எழுத்துல போடாதீங்க. பார்வை இல்லாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுற ஆப் அதைக் கண்டபடி படிக்கும், இல்ல தாண்டிப் போயிடும். தேடுனாலும் சிக்காது.

ரவி பெரியப்பா: எமோஜி?

மீனா: வரிக் கடைசில ஒண்ணு. வார்த்தைக்குப் பதிலா வேணாம்.

சுதா சித்தி: இப்ப பாருங்க.
"லேப்டாப்பும் தண்ணி பாட்டிலும் வெச்சாலும் அடி தொங்காத பை.
அகலம் 14 அங்குலம், உயரம் 16. முழுப் பருத்தி, கைப்பிடில ரெட்டைத் தையல். சாயமே போகாது.
எந்த நிறம் வேணும்னு மெசேஜ் பண்ணுங்க 👜
#துணிப்பை #பருத்திப்பை"

குமரன்: முதல் வரி பிரமாதம். 'சாயமே போகாது' மட்டும் வேணாம் சித்தி, ஒரு பை சாயம் விட்டாலும் கமென்ட்ல வந்து நிப்பாங்க. 'முதல் ரெண்டு தடவை தனியா அலசுங்க'ன்னு மாத்துங்க.

சுதா சித்தி: மாத்திட்டேன். போட்டோ எது, மேஜை மேல இருக்கிறதா, தோள்ல மாட்டினதா?

மீனா: தோள்ல மாட்டினது. போட்டதுக்கு அப்புறம் கேப்ஷனைத் திருத்தலாம், போட்டோவை மாத்த முடியாது. அதனால நல்லா பாத்துட்டுப் போடுங்க.