பழைய டிரெய்லரின் தகட்டு இணைப்பில் துரு: உங்களுக்கு நடந்ததைப் பகிருங்கள்

குன்னூர்_ஜீப்

அப்பாவின் கால் டன் ஜீப் டிரெய்லர். வில்லிஸ், தகட்டில் 1944 என்று குத்தியிருக்கிறது. போன ஏப்ரலில் வேலை முடித்தேன். தரைத் தகடும் பக்கத் தகடும் ஏறி உட்காரும் இடம் இருக்கிறதே, அங்கேதான் பிரச்சினை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பி.யூ. சீலன்ட் (இணைப்பை அடைக்கிற ரப்பர் பசை) இழுத்து விரலால் தடவி, மேலே ஆலிவ் பச்சை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம், மழை விட்ட காலை. பச்சை பெயின்ட்டில் டிகாஷன் வழிந்த மாதிரி ஒரு கோடு. சீலன்ட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். முழ நீளத்துக்கு ரப்பர் பட்டையாக அப்படியே உரிந்து வந்துவிட்டது. அதன் அடிப்பக்கம் முழுக்க ஈரத் துருப்பொடி. அப்பா முப்பது வருஷம் இலை மூட்டை ஏற்றிய வண்டி. அவர் கைக்கு அது இப்படிக் கெட்டதில்லை, நான் தொட்ட ஆறே மாதத்தில் கெட்டது. அந்தப் பட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

வேதாரண்யம்_உப்பளம்

அண்ணா, எங்களுடையது டிராக்டர் டிரெய்லர், இருபது வருஷமாக உப்பு ஏற்றுகிறோம். தரைத் தகட்டை மாற்றிய பிறகு ஒரு வயசான வெல்டர் வந்தார். வெல்டு போட்ட இடத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். காய்ந்ததும் வெளிப்பக்கம் மண்ணெண்ணெய் தடவினார். "டீ குடிச்சிட்டு வரலாம், வா" என்றார். திரும்பி வந்து பார்த்தால் வெள்ளைச் சுண்ணாம்பில் ஏழு இடத்தில் கறுத்த ஈரப்பொட்டு. கண்ணுக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் புகுந்தால் உப்புத் தண்ணீரும் புகும்தானே. ஏழையும் அரைத்து எடுத்து மறுபடி வெல்டு வைத்தார்.

டிங்கரிங்_சேலம்

குன்னூர் நண்பரே, வருத்தப்படாமல் கேளுங்கள். சீலன்ட்டில் குற்றமில்லை. சாதா ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். அது தகட்டை விட்டுக் கிளம்பும்போது மேலே இருப்பதையும் தூக்கிக்கொண்டு வரும். இரண்டு பாகம் கலக்கிற எப்பாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் சீலன்ட், அதன்மேல் பெயின்ட். அதற்கும் முன்னால், கம்பி பிரஷ் இரண்டு தகட்டுக்கு நடுவில் போகவே போகாது. தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டைத் துளைத்துத் தகட்டைப் பிரிக்க வேண்டும், உள்முகம் இரண்டையும் வெள்ளையாகத் தேய்க்க வேண்டும், வெல்டு தாங்கும் துத்தநாக பிரைமர் அடித்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். பிரிக்க மனசில்லை என்று துரு நீக்கும் ஆசிட்டை இணைப்பில் ஊற்றாதீர்கள். ஊற்றியது உள்ளேயே தங்கும், கழுவ வழியில்லை. பட்டி வைத்து அடைக்கவும் கூடாது, பட்டி தண்ணீரைக் குடிக்கும். பாத்ரூமுக்கு வாங்குகிற சிலிக்கான் வேண்டவே வேண்டாம். காடி வாசனை அடிக்கும் பாருங்கள், அது அமிலம், இரும்பைத் தின்னும். அதன்மேல் பெயின்ட்டும் ஒட்டாது. நானே ஒரு வேன் கூரையில் அதைப் போட்டுவிட்டு, அத்தனையையும் பிளேடால் சுரண்டி எடுத்தேன். நான்கு நாள் போனது.

இன்னொன்று, மேல்பக்கம் மட்டும் அடையுங்கள், கீழே விட்டுவிடுங்கள். புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழி வேண்டும். வேதாரண்யம் தம்பி, மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் சீலன்ட் எப்படிப் பிடிக்கும்?

வேதாரண்யம்_உப்பளம்

பிரைமருக்கு முன்னால் செய்கிற சோதனை அது, அண்ணா. தின்னரில் துடைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டோம், பிடித்தது. ஆனால் கீழே திறந்து விடச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில் தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது? சக்கரம் அடிக்கிற சேற்றிலும் உப்பு. இணைப்புக்குள் உப்பு ஒரு சிட்டிகை போனால் போதும், மழையே இல்லாவிட்டாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். போன தடவை கீழே விட்டுத்தான் அடியில் தாங்கும் இரும்புச் சேனலோடு தகடு உப்பி, பிஸ்கட் மாதிரி ஏடு ஏடாக வந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, இரண்டு பக்கமும் அடைத்த பிறகுதான் நிம்மதி.

யாழ்_பெட்டி

துருவை இங்கே கறள் என்றுதான் சொல்லுவோம். ஐயாவின் லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கிற பெட்டிக்கு அவர் ஒவ்வொரு மாரிக்கும் முன் கழிவு ஒயில் பூசுவார். அவர் போன பிறகு நான் பூசவில்லை, ஒழுங்காகச் செய்வோம் என்று சீலன்ட் வாங்கினேன். பொருத்து முழுக்க பழைய ஒயில் ஊறி இருந்தது. எத்தனை தரம் துடைத்தாலும் வெயில் ஏற ஏறத் திரும்பக் கசிந்தது. மத்தியானம் பார்த்தால் நான் காலையில் பூசிய சீலன்ட்டின் கீழால் ஒரு கறுத்த துளி இறங்குகிறது. அன்றைக்கே எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு ஒயில் வாளியைத் தூக்கினேன். தகடு இன்றைக்கும் தட்டினால் கணீரென்று இருக்கிறது.

குன்னூர்_ஜீப்

சேலம் அண்ணா, பிரித்துவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் இரண்டு வாரம். உள்ளே நான் தேய்த்ததாக நினைத்த இடத்தில் பழைய பச்சையும் துருவும் அடுக்கடுக்காக இருந்தன, என் பிரஷ் அங்கே போகவே இல்லை. எப்பாக்சி அடித்தாகிவிட்டது.

கீழ்ப்பக்க விஷயத்தில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, மன்னியுங்கள். இந்த டிரெய்லரே தண்ணீரில் மிதக்கும்படி கட்டியது. அதனால்தான் உள்ளே தேங்குவது வடிய, தரையில் மூடி போட்ட இரண்டு துளை வைத்தார்கள். நான் பெயின்ட் அடித்த கையோடு இரண்டையும் இறுக்கி மூடி, தார்ப்பாய் போட்டுவிட்டேன். தார்ப்பாய் கிழிந்த ஓரத்தில் இறங்கிய மழை மாதக்கணக்கில் உள்ளேயே நின்றிருக்கிறது. இணைப்பை இரண்டு பக்கமும் அடைக்கிறேன். மூடிகளைக் கழற்றி ஜீப்பின் டூல் பெட்டியில் போட்டாயிற்று.