மேட்டுப்பாளையம் – கோத்தகிரி தினமும், லீவில் லாங் ரைடு: அப்பாவின் 100 சிசி போதுமா?

ஓடந்துறைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வீடு மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை. இந்த ஜூனிலிருந்து கோத்தகிரியில் ஒரு பள்ளியில் வேலை. காலையில் ஏறி, ஸ்பெஷல் கிளாஸ் முடித்து இறங்குவதற்குள் பல நாள் இருட்டிவிடுகிறது. ஓட்டுவது அப்பாவின் பழைய 100 சிசி வண்டி. கார்புரேட்டர், முன்னும் பின்னும் டிரம் பிரேக்.

சாயங்காலம் இறங்கும்போது குஞ்சப்பனை வருவதற்குள் முன் பிரேக் லிவர் கிட்டத்தட்ட கைப்பிடியைத் தொடுகிறது. மறுநாள் காலையில் அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி பிடிக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டினேன், "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொன்று, ஏறும்போது அரவேனு நெருங்க நெருங்க வண்டி திணறுகிறது.

எனக்குத் தூரப் பயணம் என்றால் உயிர். தனுஷ்கோடி போக வேண்டும், ஹம்பி போக வேண்டும். லோன் போட்டு 350 சிசி ஒன்று எடுத்துவிட்டால் தினசரிக்கும் ஆச்சு, பயணத்துக்கும் ஆச்சு என்று நினைக்கிறேன். அம்மா ஸ்கூட்டர் போதும் என்கிறார். மலையில் தினமும் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

கோவை ரைடர்

யோசிக்காதீங்க தம்பி, 350 எடுத்துடுங்க. ஹைவேயில் 80, 90-ல் நாள் முழுக்கப் போனாலும் அலுப்பே தெரியாது. 100 சிசியில் ஹம்பி வரை போய்வந்தால் முதுகு போய்விடும். நான் லீவு கிடைத்தால் பர்லியாறு வழியாக ஏறி ஊட்டி, கூடலூர் என்று சுற்றிவிட்டு வருவேன். கனமான வண்டி ரோட்டை விட்டு அசையாது. காட்டில் எதிர்க்காற்று அடித்தாலும் கவலையில்லை.

கட்டபெட்டு ஃபிட்டர்

தம்பி, முதலில் பிரேக். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தேயிலை ஃபேக்டரிகளில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். கோத்தகிரி, கட்டபெட்டு, மஞ்சூர் என்று எங்கே ரோலர் நின்றாலும் பைக்கில்தான் ஓட்டம். அதே பைக்கில்தான் லீவுக்குக் கன்னியாகுமரி, வால்பாறை எல்லாம் போகிறேன். 150 சிசி. ஆகவே உங்கள் கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது.

காலையில் பிரேக் பிடிக்கிறது, மாலையில் இறங்கும்போது கைக்குள் வந்துவிடுகிறது என்கிறீர்கள். இது சூட்டின் வேலை. டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்துகிற ஷூவை விட்டு விலகும். அந்த இடைவெளியை நிரப்ப நீங்கள் லிவரை இன்னும் உள்ளே இழுக்க வேண்டியிருக்கும். ஷூ மேல் ஒட்டியிருக்கிற உராய்வுப் பட்டையான லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். ஆறிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மெக்கானிக் ஆறின வண்டியைப் பார்த்துவிட்டு "சரியாத்தானே இருக்கு" என்றால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பிரச்சினை அப்போது அவர் முன்னால் இல்லை.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சொச்சம். வித்தியாசம் 1,450 மீட்டருக்கு மேல். வண்டி, நீங்கள், பை எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியே வருகிற சக்தியைக் கொண்டு 9 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மீதி முழுவதும் பிரேக்கிலோ எஞ்சினிலோதான் கழிய வேண்டும். எஞ்சினுக்குச் சூட்டை வெளியேற்ற ஃபின் இருக்கிறது, ஆயில் இருக்கிறது, அதற்காகவே செய்த சாமான் அது. உங்கள் முன் டிரம்மோ கையகல டப்பா.

ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். எங்கள் ஊரில் பைக் கற்றுக்கொடுக்கும்போது முதலில் சொல்கிற பாடமே இதுதான். செங்குத்தான இடத்தில் இரண்டாவது கியர், கொஞ்சம் தளர்ந்த இடத்தில் மூன்றாவது. ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் இரண்டு வினாடி அழுத்திப் பிடித்து, முழுதாக விட்டுவிடுங்கள். விடுகிற நேரத்தில்தான் டிரம் ஆறும். லேசாகத் தொட்டுக்கொண்டே 20 கிலோமீட்டர் இறங்குவதுதான் பிரேக்கைக் கொல்லுகிறது.

350 பற்றி. அந்த வகையில் நிறைய வண்டிகள் 190 கிலோவைத் தாண்டும், உங்கள் வண்டி 110 சொச்சம்தான் இருக்கும். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட்டால் 12 லிட்டருக்கு மேல் வருகிறது. டிஸ்க் பிரேக் இருக்கிறது, தாங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் தினமும் இரண்டு வேளை, மழையில், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு, ஹேர்பின்னில் ஒற்றைக் காலை ஊன்றி அந்த எடையைத் தாங்கிப் பிடிக்கிறவர் நீங்கள். கோவை நண்பர் சொல்கிற சுகம் ஹைவேயில் உண்மை. உங்கள் வாழ்க்கையில் பெரும்பகுதி கோத்தகிரி ரோட்டில்தான். முதல் சம்பளத்திலேயே லோனைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் 150, 160 சிசியில் முன் டிஸ்க் உள்ளதைப் பாருங்கள். 125 சிசிக்கு மேல் வருகிற புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) கட்டாயம், ஈர ரோட்டில் அதன் அருமை தெரியும். டிஸ்க் என்றாலும் பிரேக் ஆயிலை மறக்கக் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது, ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். மழையும் மஞ்சுமாக இருக்கிற எங்கள் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும்.

ஏறும்போது திணறுவது காற்று மெலிந்துபோவதால். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 சதவீதம் சக்தி குறையும். கார்புரேட்டர் வண்டி அதைத் தெரிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது, ஆகவே கலவை தடித்துப்போகும், பிளக் கறுக்கும். கீழே ஒரு மெக்கானிக், மேலே ஒரு மெக்கானிக் என்று கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்ப விடாதீர்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்து, ஒரு கியர் குறைத்து ஏறினால் போதும்.

சந்தைக்கடை

ஃபிட்டர் அண்ணா சொல்வது எல்லாம் சரி, ஆனால் கியரில் போட்டு இறங்கினால் எஞ்சின் தேயாதா? நான் அரவேனு தாண்டினதும் எஞ்சினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் விட்டுவிடுவேன். கீழே வரை பெட்ரோல் செலவே இல்லை. பெட்ரோல் விற்கிற விலையில் இதைவிட்டால் வேறு வழி என்ன?

கட்டபெட்டு ஃபிட்டர்

அண்ணே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். எஞ்சின் நின்றால் பிரேக்கைத் தவிர உங்களைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் ஹெட்லைட் தானாக எரியும், நீங்கள் மஞ்சுக்குள் இருட்டாக வருகிறீர்கள். எதிரே ஏறி வருகிற லாரிக்கு நீங்கள் கண்ணுக்கே தெரிய மாட்டீர்கள்.

பெட்ரோல் கணக்கும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிற இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. ஓடவிட்டு நியூட்ரலில் வந்தால்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போகும். கார்புரேட்டரில் கொஞ்சம் போகும், அது ஒரு டீ காசுகூட வராது. தேய்மானம் பற்றிச் சொன்னால், ஆயிலில் மிதந்துகொண்டு சுமையில்லாமல் சுற்றுகிற எஞ்சின் அப்படியொன்றும் தேயாது. நேரத்துக்கு ஆயில் மாற்றுங்கள், போதும்.

கேத்தி அக்கா

தம்பி, அம்மாவுக்கும் ஒரு பதில் வேண்டுமல்லவா. நான் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறேன், கேத்தியிலிருந்து எல்லநள்ளி வந்து மெயின் ரோடு பிடித்து ஊட்டி. எனக்கு இது அருமையான வண்டி. ஆனால் தினமும் மேட்டுப்பாளையம் வரை இறங்குவதற்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். கியர் இல்லாததால் எஞ்சின் பிடிப்பு குறைவு. வேகம் ரொம்பக் குறைந்தால் உள்ளே கிளட்ச் தானாக விட்டுவிடும், அப்போது சுத்தமாகப் பிடிப்பு இருக்காது. அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

அப்புறம் ரோட்டைப் பற்றி. வெயில் ரோடு ஒன்று, நிழல் ரோடு ஒன்று என்று பார்க்கப் பழகுங்கள். சவுக்கும் சில்வர் ஓக்கும் நிற்கிற வளைவில் மழை விட்டு வெகுநேரம் ஆனாலும் ஈரமும் இலையும் கிடக்கும். ஈரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் அது டீசல், டேங்க் நிறைய அடித்த வண்டி வளைவில் சிந்திவிட்டுப் போயிருக்கும். அதன் மேல் பிரேக்கைத் தொடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் எங்கள் பக்கம் காலையில் சீட்டே உறைபனியில் வெளுத்திருக்கும், உங்களுக்கு அந்தத் தொல்லை அவ்வளவு இருக்காது. ஆனால் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை உங்கள் ரோட்டைத்தான் குறிவைக்கும். 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் சரிந்த மண்ணை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை. மலையிலிருந்து செந்தண்ணீர் ரோட்டுக்கு வழிந்தால், சின்னக் கல் உருண்டு கிடந்தால், அதைத் தாண்டிப் போக வேண்டாம். பள்ளிக்கு லீவு சொல்லிக்கொள்ளலாம்.

கைக்கு: கம்பளி கையுறை, அதன் மேல் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை ஒரு சைஸ் பெரிதாக. எவ்வளவோ விலை கொடுத்து வாங்கியதெல்லாம் மழையில் ஊறிவிட்டது, இது ஊறவில்லை.

காட்டெருமை நின்றால் தள்ளி நிறுத்தி அமைதியாக இருங்கள். ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள், கன்று பின்னால் வரும். குஞ்சப்பனையில் பலாப்பழ சீசனுக்கு யானை இறங்கும். அந்த மாதங்களில் இருட்டுமுன் அந்த இடத்தைத் தாண்டிவிடப் பாருங்கள், ஸ்பெஷல் கிளாஸை வேறு யாரிடமாவது மாற்றிக்கொள்ள முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

ஓடந்துறைக்காரன்

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று இரண்டாவது கியரிலேயே இறங்கினேன், குஞ்சப்பனையில் லிவர் பாதியில் நின்றது. இப்போதைக்கு அப்பா வண்டியையே வைத்துக்கொள்கிறேன். ஷூ மாற்றச் சொல்லியிருக்கிறேன். இந்த வண்டியில் தனுஷ்கோடி போகலாமா? சீசனில் கோத்தகிரி ரோட்டில் நெரிசல் எப்படி?

கட்டபெட்டு ஃபிட்டர்

சீசனில் ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். அப்போது நீங்கள் காலையில் ஏறும்போது எதிரே ஹேர்பின் தெரியாத டிரைவர்கள் சாரை சாரையாக இறங்குவார்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதை நம்பி உள்ளே நுழையாதீர்கள். பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், வளைவுக்கு முன்பே நின்று அதை விட்டுவிட்டு ஏறுங்கள். உங்களுடையது டிஎன் 40 (மேட்டுப்பாளையம்) பதிவாக இருந்தால், நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43-க்குத்தான் அது தேவையில்லை.

தனுஷ்கோடிக்குத் தாராளமாகப் போகலாம். 100 சிசி தூரத்துக்கு அஞ்சாது, வேகத்துக்குத்தான் அஞ்சும். 55, 60-ல் விடிகாலையில் கிளம்பி வெயில் ஏறுமுன் பாதித் தூரம் போய்விடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், வண்டிக்கும் அது ஓய்வு. கனமான சாமானைப் பின்னால் உயரமாகக் கட்டாதீர்கள், இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குகிற பையில் வையுங்கள். உங்கள் வண்டியில் டியூப் டயர்தான் இருக்கும், ஆகவே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று டியூப் எடுத்துக்கொள்ளுங்கள்.

புது கிளட்ச் கேபிள் ஒன்று வாங்கி, பழைய கேபிளை ஒட்டியே ஓடவிட்டு, இரண்டு நுனியிலும் சின்ன பாலிதீன் பை சுற்றி, டேப் போட்டுக் கட்டிவிடுங்கள். வழியில் பழையது அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம், இரண்டு முனையையும் மாட்டினால் கிளம்பிவிடலாம். என் வண்டியில் எப்போதும் இரண்டு கேபிள் ஓடும். அங்கே கடற்கரை மணலும் உப்புக் காற்றும் செயினைத் தின்னும், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஆயில் போடுங்கள்.

ஷூ மாற்றின பிறகு ஒன்று. புது லைனிங் டிரம்முக்குப் படிய வேண்டும், அதுவரை முழுப் பிடிப்பு வராது. மாற்றின அன்றே மலை ஏறாதீர்கள். கீழேயே காரமடை ரோட்டில் இரண்டு நாள் ஓட்டி, நிதானமான வேகத்தில் அழுத்தி அழுத்தி விடுங்கள். அப்புறம் லிவர் ப்ளேயை (பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் லிவர் சும்மா நகர்கிற தூரத்தை) ஒருமுறை அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டு ஏறுங்கள்.