மிகை மூக்கிசையும் குறை மூக்கிசையும்: பேச்சொலிக் கோளாறுகளுக்குச் சொல் தேடுகையில்

‘மூக்கால் பேசுகிறான்’ என்னும் வழக்கு ஒன்றுக்கொன்று நேரெதிரான இரு நிலைகளைக் குறித்துவிடுகிறது. அண்ணப்பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரை பிளந்து, பிறந்த குழந்தைக்கு மென்னண்ணம் (மேற்கூரையின் மென்மையான பின்பகுதி) மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட முடியாமல் போவதால், உயிரெழுத்துகளைச் சொல்லும்போதும் ஒலி மூக்கறையில் முழங்குகிறது. சளியாலோ மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதையின் வளர்ச்சியாலோ மூக்கின் வழி அடைபட்ட குழந்தைக்கோ, மூக்கில் ஒலிக்க வேண்டிய எழுத்தும் அங்கே ஒலிப்பதில்லை. ‘மாமா’ என்பது ‘பாபா’ போலக் கேட்கிறது (‘அன்பு’ என்பதில் வரும் பகரத்தை நினைத்துக்கொள்க). இரண்டையும் ‘மூக்கொலிக் கோளாறு’ என்று எழுதிவைப்பது ஆபத்தானது. மேற்சவ்வு மூடியிருக்க உள்ளே தசை மட்டும் பிளந்திருக்கும் மறைவான அண்ணப்பிளவில், மென்னண்ணம் எட்டாத இடைவெளியை அடினாய்டு சதையே ஓரளவு நிரப்பிக்கொண்டிருக்கக்கூடும். மூக்கடைப்பு என்று தவறாகக் கருதி அதை அகற்றினால் குழந்தையின் பேச்சு முன்னைவிட மோசமாகும்.

‘மூக்கொலி’ என்பதை மொழியியலார் ங, ஞ, ண, ந, ம, ன ஆகியவற்றுக்கு முன்பே எடுத்துக்கொண்டதால், ‘மூக்கொலி மிகை’ என்றால் மெல்லினம் மிகுந்துவிட்டது என்று பொருள்படும். தொல்காப்பியப் பிறப்பியல் மெல்லெழுத்து ஆறும் ‘மூக்கின் வளியிசை’யால் தோன்றும் என்கிறது. அத்தொடரில் இணைந்திருக்கும் வளியும் இசையும் நோயில் பிரிந்துவிடுகின்றன என்பதே நமக்குப் பயன்படும் செய்தி. குரல் மூக்கறையில் மிகுந்து முழங்குவது இசையின் மிகை. ப, ச போன்ற எழுத்துகளுக்கு வாயில் அழுத்தம் கூட்டும்போது காற்று மூக்கு வழியே தப்பிப் போவது வளியின் கசிவு. ‘பப்பா’ என்று சொல்லச் செய்து மூக்குத்துளையின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்தால், அது ஆவி படிந்து மங்குவது பின்னதைக் காட்டும். ‘ஈ’ என்று நீட்டச் சொல்லி மூக்கைப் பிடித்தும் விட்டும் பார்க்கையில் ஒலி மாறினால் முன்னது இருக்கிறது என்று கொள்ளலாம். ஆகவே மிகை மூக்கிசை, குறை மூக்கிசை, மூக்குவளிக் கசிவு என்னும் மூன்றையும் முன்வைக்கிறேன். ‘மூக்கிசை’ என்றதும் நாதஸ்வரம் நினைவுக்கு வருகிறது என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் செய்யுளில் ஓசையை நிரப்ப வரும் சொல்லைக் குறிக்கும் ‘இசைநிறை’ என்ற இலக்கணச் சொல்லில் இசை என்பது ஒலி என்றே வழங்குகிறது.

இவை அனைத்துக்கும் பொதுப்பெயராக ‘அதிர்வுக் கோளாறு’ என்று சுருக்குவதை நான் ஏற்கவில்லை. அதிர்வு நிகழும் இடம் குரல்வளை. அங்கே குரல்நாண்கள் ஆண்களிடம் நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும் பெண்களிடம் 200 முறையும் அதிர்கின்றன. அந்த அதிர்வு கெடுவது குரல் கோளாறு. அதிலிருந்து எழுந்த ஒலி தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகளில் முறைதவறி முழங்குவது வேறு கோளாறு. தமிழக இயற்பியல் பாடநூல்களின் ‘ஒத்ததிர்வு’ (resonance) என்னும் சொல்லை முழுமையாகவே எழுதி ‘ஒத்ததிர்வுக் கோளாறு’ என்பதே தகும். இலங்கைப் பாடநூல்களின் ‘பரிவு’ அழகான சொல்தான். ஆனால் ‘பரிவுக் கோளாறு’ என்று மருத்துவ அறிக்கையில் கண்ட பெற்றோர், பிள்ளைக்கு இரக்கம் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

குரல் கோளாறுகளுக்குப் புதுச்சொல் பெரிதும் தேவையில்லை. குரலின் தரத்தைக் காதால் கேட்டு மதிப்பிடுவதற்காக 1981இல் ஜப்பானிய மருத்துவர் ஹிரானோ பரவலாக்கிய ஜிஆர்பிஏஎஸ் (GRBAS) அளவையில், ஒட்டுமொத்தக் கடுமைக்கு அடுத்து வரும் நான்கு பண்புகளுக்கும் கரகரப்பு, காற்றுக்கலப்பு, நலிவு, இறுக்கம் என்ற சொற்களே போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடும் சிகிச்சையாளர் அவற்றை நோயாளியிடம் விளக்கவும் வேண்டியிராது. ‘தொண்டை கட்டு’, ‘குரல் கம்மல்’ என்பன நோயாளி சொல்லும் முறையீடுகள். அவற்றை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளலாம், மதிப்பீட்டுச் சொற்களாக ஆக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரிதாக வீங்கிய டான்சில் வாயின் பின்புறத்தை அடைக்கும்போது, ஒலி வெளிவர வழியின்றி உள்ளேயே மங்கி ஒலிக்கும் நிலைக்கு, cul-de-sac resonance என்னும் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து ‘முட்டுச்சந்து ஒலி’ என்பது தெருவைக் காட்டுமே தவிரத் தொண்டையைக் காட்டாது. ‘அடைப்பொலி’ என்பது க், ட், ப் போன்றவற்றுக்கு மொழியியலில் வழங்கிவிட்டது. ‘தேங்கொலி’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒலி அங்கே தேங்குகிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.