பஞ்ச காலக் கூலிக் கணக்கு எங்கே கிடைக்கும்?

வணக்கம். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றுத் துறை ஆய்வு மாணவன் நான். இது மூன்றாம் ஆண்டு. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் போனவர்களின் கூலிதான் என் தலைப்பு. 1877இல் பிரிட்டிஷ் அரசின் பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் ஓர் ஆளின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைத்தது பலரும் எழுதியதுதான். அந்த ஓரணா கைக்கு முழுதாக வந்து சேர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்த வேலையின் ஆள்வாரிக் கூலிப் பட்டியல் எங்காவது மிஞ்சியிருக்கிறதா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளைப் புரட்டிவருகிறேன். மொத்தத் தொகைகள்தான் அகப்படுகின்றன. பொதுப்பணித் துறைக் கோப்புகளில் தேட வேண்டுமா? அங்கே வேலை செய்து பழகியவர்கள் சொன்னால் பல நாட்கள் மிச்சமாகும்.

இன்னொன்று, கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உதவித்தொகை வந்து ஐந்து மாதமாகிறது (பஞ்சத்தை ஆராய்பவனுக்குப் பொருத்தம்தான்). எழும்பூர், புதுப்பேட்டைப் பக்கம் ஒரு மாதம் தங்க மலிவான அறை தெரிந்தால் தெரிவியுங்கள். பகிர்ந்துகொள்ளும் அறையானாலும் சரி. இரவில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கொஞ்சம் இருக்கும்.